கூலி பாக்கியும் சட்டமும்

விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி நமக்கெல்லாம் உணவு ஆக்கிப் போடுகிறாரே, அந்தச் சமையற்காரர் யாருடைய ஊழியர்? பல்கலைக் கழகத்தின் ஊழியர் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பல விடுதிகளில் அப்படியன்று. அவர் காண்டிராக்டருடைய ஆள். அந்தக் காண்டிராக்டரும் நேரில் வருவது அருமை. மேஸ்திரி ஒருவரை வைத்து வேலை வாங்குகிறார். வாயிலில் காவல் நிற்பவர், தாழ்வாரம் பெருக்குபவர், எழும்பி வரும் புதிய கட்டடத்திற்குச் செங்கல் சுமப்பவர் ஆகிய பலருடைய நிலையும் ஏறக்குறைய இதுவே. இவர்களுள் நம் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. தமிழ் மாணவரைக் கண்டால் தாய்மொழியில் இரண்டு வார்த்தை பேசக் கிடைத்ததே என்று மகிழ்கிறவர்கள்.

இவர்களில் ஒருவருக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். "யாரைக் கேட்டீங்க, அண்ணே?" என்று நாம் கேட்டால் என்ன விடை வரும்?

"மேஸ்திரியைத்தான் கேட்டேன், தம்பி. காண்டிராக்டர் இன்னும் கொடுக்கலேங்கிறார். அவரைப் போய்க் கேட்டா, ஆபீஸிலே பில் பாஸாகலேங்கிறார்."

பில் பாஸாவதும் பாஸாகாததும் காண்டிராக்டருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே உள்ள கணக்கு. அதற்காக உழைத்தவர் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லப்போனால் நேர்மாறாகவே சொல்லுகிறது. ஆகவே, தொழிலாளிக்கு உள்ள உண்மையான இடர் சட்டம் இல்லாமை அன்று. தாம் இன்னாரிடம், இன்ன நாள் முதல், இன்ன கூலிக்கு வேலை செய்தோம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் கையில் இல்லாமையே ஆகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நலம்.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் ஆலைகளில் சம்பளத்தை இழுத்தடிப்பதும், துணி கெட்டது, நேரம் தவறியது என்று அபராதம் பிடிப்பதும் சாதாரணம். 1929-இல் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன் இவற்றை ஆராய்ந்து 1931-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பின்னர் 1936-இல் ஊதியம் வழங்கல் சட்டம் பிறந்தது. 1937 மார்ச் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் சேர்ந்தது. நெடுங்காலம் தொழிலாளருக்கு இவ்விரண்டுமே துணை. இவற்றையும், போனஸ் சட்டத்தையும், ஆண் பெண் சம ஊதியச் சட்டத்தையும் ஒன்றாக்கிப் பாராளுமன்றம் 2019-இல் ஊதியச் சட்டத் தொகுப்பை இயற்றியது. அது ஆறாண்டுகள் ஏட்டில் உறங்கிக் கிடந்து, 2025 நவம்பர் 21 அன்று அமுலுக்கு வந்தது. பழைய புத்தகங்களை நம்பி 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரால் புதிய பாக்கிக்கு மனு எழுதிக் கொடுக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னரே சேர்ந்துவிட்ட பாக்கிகள் மட்டும், பழைய சட்டம் ரத்தானதனால் அழிந்துபோவதில்லை.

புதிய தொகுப்பு தேதிகளைத் தெளிவாகக் கூறுகிறது. தினக்கூலியானால் அன்றைய ஷிப்டு முடிவில். வாரக்கூலியானால் வார விடுமுறைக்கு முன் வரும் கடைசி வேலை நாளில். மாதச் சம்பளமானால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். வேலையை விட்டு நீக்கினாலும், ஆட்குறைப்புச் செய்தாலும், தாமே ராஜிநாமாச் செய்தாலும், தொழிலை மூடிவிட்டாலும் இரண்டே வேலை நாட்களுக்குள் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். நம்மவர் சிலர் படிப்பு முடித்துப் பெரிய கம்பெனிகளில் சேர்ந்து, பின்னர் விட்டு விலகும்பொழுது, "கணக்குத் தீர்க்க 45 நாள் ஆகும், அதுதான் கம்பெனி வழக்கம்" என்று சொல்லப்பட்டு வாய்மூடி இருந்துவிடுகின்றனர். கம்பெனி வழக்கம் வேறு, சட்டம் வேறு. மேலும், சம்பளத்திலிருந்து எவ்வெவற்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு பட்டியல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றைப் பிடித்தாலும், எல்லாம் சேர்ந்து அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 50 சதவீதத்துக்கு மேற்படலாகாது.

பழைய சட்டம் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குவோருக்குப் பயன்படாது. அந்த வரம்பு 2017-இல் வைத்தது. புதிய தொகுப்பில் சம்பளப் பிடிப்பு, தாமதம் ஆகியவற்றிற்கு அத்தகைய வரம்பு இல்லை. அரசாங்கத்தின் சொந்த அலுவலகங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மானேஜர் முதல் பெருக்குபவர் வரை அனைவரும் இதனுள் அடங்குவர். மாலையில் தனிப் பயிற்சிக் கழகத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் மாணவரும் அடங்குவர். ஆனால் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்ரண்டிஸாக அமர்ந்தவருக்கு இது பொருந்தாது. ஆராய்ச்சி மாணவருக்கு வரவேண்டிய உதவித் தொகையும், அது வேலைக்குக் கூலியாகத் தரப்படாத வரையில், ஊதியம் ஆகாது. அதற்குக் கதவு வேறு.

இனி, கேட்டுப் பெறும் வழியைப் பார்ப்போம். வக்கீல் வைத்துச் சிவில் கோர்ட்டில் தாவாப் போட வேண்டுவதில்லை. கூலி பாக்கிக்கென்றே அரசாங்கம் ஓர் அதிகாரியை நியமிக்கிறது. கெஜட்டட் ஆபீசர் பதவிக்குக் குறையாதவர். அவரிடம் தொழிலாளி தாமே மனுச் செய்துகொள்ளலாம், அவர் உறுப்பினராயுள்ள பதிவுபெற்ற சங்கம் செய்யலாம், இன்ஸ்பெக்டரும் செய்யலாம். பத்துப் பேருக்குப் பாக்கியென்றால் பத்து மனு வேண்டியதில்லை, ஒன்றே போதும். பாக்கி விழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். பழைய ஊதியம் வழங்கல் சட்டத்தில் இது 12 மாதமாகவே இருந்தது. தக்க காரணம் காட்டினால் மூன்று ஆண்டு கடந்த மனுவையும் அதிகாரி ஏற்கலாம்.

பாக்கித் தொகையோடு, அதில் பத்து மடங்கு வரையில் நஷ்டஈடும் சேர்த்துக் கொடுக்கும்படி அதிகாரி உத்தரவிடலாம். மாதம் 20,000 ரூபாய் பேசிச் சேர்ந்த ஒருவருக்கு மூன்று மாதப் பாக்கியென்றால் 60,000 ரூபாய். அதற்குமேல் நஷ்டஈடு மட்டும் 6,00,000 ரூபாய் வரை போகலாம். போகலாம் என்றுதான் சட்டம் சொல்லுகிறது, போயே தீரும் என்று சொல்லவில்லை. எவ்வளவு என்பது அதிகாரியின் விருப்புரிமை. அவ்வாறே மூன்று மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல 'முயல வேண்டும்' என்றும் இருக்கிறது. முயல்வது என்னும் சொல்லுக்குள் எத்தனை வாய்தாக்கள் அடங்கும் என்பதை நம் நாட்டு நீதிமன்ற வாசலை மிதித்தவர் அறிவர். ஆனாலும் தீர்ப்பு வந்தபின் முதலாளி கொடுக்காவிட்டால், வேறு வழக்கு எதுவும் போடத் தேவையில்லை. அதிகாரி ஒரு சான்று எழுதிக் கலெக்டருக்கு அனுப்புவார். கலெக்டர் அத்தொகையை நிலவரிப் பாக்கிபோல வசூலிப்பார். நிலவரிப் பாக்கிக்கு ஜப்தி வந்தால் எப்படியிருக்கும் என்று கிராமத்திலிருந்து வந்த நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீர்ப்பின் மேல் 90 நாட்களுக்குள் அப்பீல் உண்டு.

இந்தத் தொகுப்பில் தொழிலாளிக்கு மிகவும் அனுகூலமான விதி வேறொன்று. "நான் கொடுத்துவிட்டேன்" என்று முதலாளி சொன்னால், கொடுத்ததை மெய்ப்பிக்கும் பாரம் முதலாளியின் தலைமேல் இருக்கிறது. வாங்கவில்லை என்பதைத் தொழிலாளி எப்படி மெய்ப்பிக்க முடியும்? இல்லாத ஒன்றுக்குச் சாட்சி ஏது? ஆகவே சட்டம் நியாயமாகவே பாரத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறது. பதிவேடு வைப்பதும், ஒவ்வொரு முறையும் சம்பளச் சீட்டுக் கொடுப்பதும் முதலாளியின் கடமை.

இதை உணர்ந்த முதலாளி என்ன செய்வார்? "கொடுத்துவிட்டேன்" என்று சொல்லமாட்டார். "இவர் யார்? எங்களிடம் வேலை செய்யவேயில்லையே!" என்பார். அப்பொழுது பாரம் மறுபடியும் தொழிலாளியிடம் வந்து சேருகிறது. வேலை செய்தேன் என்பதை முதலில் அவர் காட்டியாக வேண்டும். 2005-இல் தினக்கூலி ஒருவரின் வேலைநீக்க வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்த நிலையைப் பரிவோடு ஆராய்ந்தது. தினக்கூலிக்காரரிடம் நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ இருப்பது அரிது. அவர் சாட்சிக் கூண்டில் ஏறித் தாமே சாட்சியம் சொல்லலாம், மஸ்டர் ரோலைக் கொண்டுவரும்படி எதிர்க்கட்சியைக் கேட்கலாம் என்று வழி காட்டியது. வெறும் பிரமாண வாக்குமூலம் மட்டும் போதாது என்றும் சேர்த்தே சொன்னது. அந்த வழக்கில் அதிகாரி ஒருவர் எழுதிக் கொடுத்திருந்த சான்றிதழ் கைகொடுத்தது.

ஆகவே நாம் செய்யக்கூடிய உதவி சட்டம் பேசுவதைவிட எழுதி வைப்பதில்தான் அதிகமாக இருக்கிறது. சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். வேலைக்கு வந்த நாள், வந்த நேரம், போன நேரம், வேலை வாங்கிய மேஸ்திரியின் பெயர், கைக்கு வந்த பணம் ஆகியவற்றை அன்றன்றைக்கே குறித்து வரவேண்டும். பின்னால் ஒரே மூச்சில் ஒரே பேனாவால் எழுதியதற்கு மதிப்பு இல்லை. கேட்டு வாசலில் கொடுத்த பாஸ், அடையாள அட்டை, பேங்கில் முன்பு ஒரு தடவையாவது ஏறிய சம்பளம், பிராவிடண்டு பண்டு எண், இ.எஸ்.ஐ. எண், சுவரில் ஒட்டிய டியூட்டிப் பட்டியலின் படம், மேஸ்திரி வாட்ஸப்பில் அனுப்பிய "நாளை ஆறு மணிக்கு வா" என்ற ஒரு வரிச் செய்தி, இவை அனைத்தும் சாட்சியே. செல்போன் பழுதாயிற்றென்று செய்திகளை அழித்துவிடுவதும், போனையே விற்றுவிடுவதும் எத்தனை வழக்குகளைக் கெடுக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாக்கி விழுந்தவுடன் ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துவதும் நல்லது. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆயினும், கேட்டதற்கு அது சாட்சி.

சரி, யாரிடம் கேட்பது? தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்பொழுது வருகிறோம். சம்பளம் கொடுக்கும் முதற் பொறுப்பு காண்டிராக்டருடையது. அவர் தவறினால், யாருக்காக வேலை நடந்ததோ அந்த முதன்மை முதலாளி கொடுத்துவிட்டுக் காண்டிராக்டருக்குத் தரவேண்டிய பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்த விதி, இப்பொழுது தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் ஒரு குறை. பழைய சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடங்களுக்குப் பொருந்தியது. புதியதோ 50 பேர் இருந்தால்தான் பொருந்தும். 49 பேரோடு நிறுத்திக்கொள்ளும் சாமர்த்தியம் நம் காண்டிராக்டர்களுக்கு வராமலா போகும்? அத்தகைய இடத்தில், வேலை கொடுத்தவர் தவறினால் அந்த ஸ்தாபனத்தின் உடைமையாளரே பொறுப்பு என்னும் ஊதியத் தொகுப்பின் விதியைப் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்தப் பொறுப்பு ஏட்டுப் பேச்சு அன்று என்பதற்குத் தலைநகரிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக டில்லியில் அரங்குகளும் மேம்பாலங்களும் இரவு பகலாக எழுந்தன. கட்டியவர்கள் ராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம், ஒரிஸ்ஸா முதலிய இடங்களிலிருந்து ஜமேதார்கள் திரட்டி வந்த ஏழைகள். நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலி. ஜமேதார் அதில் ஒரு ரூபாயைத் தம் கமிஷனாகப் பிடித்துக்கொள்ள, உழைத்தவர் கைக்கு 8 ரூபாய் 25 காசே வந்தது. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் நீதிபதி பி. என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. வேலை காண்டிராக்டர்களுடையது, எங்களுக்கு என்ன பொறுப்பு என்று அரசாங்கமும் டில்லி வளர்ச்சிக் குழுமமும் கையை விரித்துவிட முடியாது என்றும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே ஆகும் என்றும் அவ்வாண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. துப்பாக்கி முனையில் வேலை வாங்குவது மட்டும் கட்டாயம் அன்று, பசியும் கட்டாயமே என்று கண்ட அந்தத் தீர்ப்பு ஒரு ரூபாயைப் பற்றியது என்பதை நினைக்கும்பொழுது வியப்பாக இருக்கிறது.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதிலும் பலர் தடுமாறுகின்றனர். மைய அரசின் சட்டத்தால் அமைந்த பல்கலைக் கழகம், ரயில்வே, பெருந்துறைமுகம், சுரங்கம், பேங்கு முதலியவற்றில் வேலையென்றால், அங்கே காண்டிராக்டரிடம் இருப்பவருக்கும் மைய அரசின் தொழிலாளர் கமிஷனர் அலுவலகமே உரியது. தனியார் கடை, ஓட்டல், மில் என்றால் மாநிலத் தொழிலாளர் துறை. தவறான வாசலில் நாலு நாள் நின்று, நாலு நாள் கூலியையும் இழந்து திரும்பியவர் மறுபடி எந்த வாசலுக்கும் போகமாட்டார். இதை விசாரித்துச் சொல்வது இந்தியும் ஆங்கிலமும் தெரிந்த நமக்கு எளிது. தமிழ் ஒன்றே தெரிந்தவருக்கு மலை.

சங்கமும் மனுச் செய்யலாம் என்றேன். இந்த உரிமையின் வேரில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பட்ட பாடு இருக்கிறது. 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னிற்கச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பின்னி ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மேல் உயர்நீதி மன்றத்தில் வழக்கிட்டுத் தடையுத்தரவு பெற்றது. தொழிலாளரைத் திரட்டுவதே குற்றம்போல் ஆன அந்த நிலையைக் கண்ட பிறகே சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தனி ஆள் மனுக் கொடுத்தால் மறுநாளே வேலை போகும் என்று அஞ்சுகிற இடத்தில் சங்கத்தின் பெயரால் கொடுப்பது எவ்வளவு பெரிய தைரியம்!

முதலாளியைத் தண்டிக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். குறைத்துக் கொடுத்த குற்றத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்தாண்டுக்குள் மீண்டும் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொழிலாளியே குற்றப் புகார் செய்யலாம். ஆனால் அபராதம் கஜானாவுக்குப் போகிறது. தொழிலாளியின் அடுப்பு அதனால் எரிவதில்லை. ஆகையால் பாக்கிக்கான மனுவையே முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. தொழிலுறவு பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் பணம் வசூலிக்க வழி உண்டு. ஒப்பந்தம் அல்லது தீர்ப்பு மூலம் ஏற்பட்ட தொகைக்கு அது பயன்படும். ஆனால் நிர்வாகப் பதவியில் இருப்பவரும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் அங்கே 'தொழிலாளி' ஆகமாட்டார்கள்.

கம்பெனியே திவாலாகிவிட்டால்? 2016-ஆம் ஆண்டுத் திவால் தொகுப்பின்படி, சொத்தை விற்றுக் கடன் தீர்க்கும்பொழுது, தொழிலாளரின் முந்தைய 24 மாதப் பாக்கி, ஈடு பெற்றுக் கடன் கொடுத்த பேங்குகளுடன் சம வரிசையில் நிற்கிறது. மற்ற ஊழியரின் 12 மாதப் பாக்கி அதற்கு அடுத்த வரிசை. பிராவிடண்டு பண்டும் கிராஜுவிடியும் கடன்காரர்களுக்குப் பங்கிடும் சொத்தில் சேரவே சேரா. பலருடைய பாக்கியைச் சேர்த்துத் தொழிற்சங்கம் திவால் நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2019-இல் ஒரு சணல் ஆலை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஆனால் 2020 மார்ச்சு முதல் பாக்கி ஒரு கோடி ரூபாயாவது இருந்தால்தான் அந்தக் கதவைத் தட்ட முடியும். நான்கு பேர் சேர்ந்து தொடங்கி நாற்பது பேரை அமர்த்தி, எட்டாம் மாதத்தில் மறைந்துபோகும் புதுக் கம்பெனிகளில் சேர விரும்பும் நண்பர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

மனு கொடுத்த பின் பெரும்பாலும் சமரசப் பேச்சு வரும். "பாதி வாங்கிக்கொள், மீதியை மறந்துவிடு" என்பார்கள். பட்டினி கிடப்பவர் பாதிக்கு இணங்குவதை நாம் குறை கூறலாகாது. ஆனால் வெற்றுத் தாளிலோ தொகை எழுதாத வவுச்சரிலோ கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது. பணத்தை அதிகாரியின் முன்னிலையிலோ பேங்கு மூலமோ வாங்க வேண்டும். இத்தொகுப்பின்படி வரவேண்டியதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்லுகிறது. வேலையில் சேரும்போது அப்படி எழுதி வாங்கியிருந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை.

வக்கீல் வேண்டுமென்றால் அதற்கும் செலவில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், அட்டவணை சாதியினர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், குறைந்த வருமானத்தினர் ஆகியோருடன் தொழிற்சாலைத் தொழிலாளரும் இலவச வக்கீல் உதவிக்கு உரியவர். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் அந்த ஆணையத்தின் அலுவலகம் உண்டு. டெலிபோனில் 15100 என்ற எண்ணைக் கூப்பிட்டாலும் வழி சொல்லுவார்கள். போகிறபொழுது அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். கூடவே ஒருவர் மொழிபெயர்க்கப் போனால் இன்னும் நல்லது.